தங்கமீன் ஏன் சாகிறது?

தொட்டியில் விட்ட தங்கமீன் பத்தாம் நாள் மல்லாந்து கிடந்தால் நம் வீடுகளில் உடனே ஒரு பதில் வரும்: "நமக்கு வரவேண்டிய திருஷ்டியை அது வாங்கிக்கிச்சு." அந்தப் பேச்சில் ஆறுதல் உண்டு. ஆனால் காரணம் தேடும் வேலை அதோடு நின்றுவிடுகிறது. அடுத்த வாரம் இன்னொரு ஜோடி வரும், அதுவும் அதே வழியில் போகும்.

நன்றாகப் பராமரித்தால் தங்கமீன் பத்து முதல் இருபது ஆண்டுகள் வாழும். இங்கிலாந்தில் 1956-இல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்ற தங்கமீன் 1999 வரை வாழ்ந்து கின்னஸ் பதிவேட்டில் இடம்பிடித்தது. அப்படியிருக்க, பத்து நாளில் சாகிற மீனை விதி கொல்லவில்லை. பெரும்பாலும் தண்ணீர்தான் கொல்கிறது. அது நம் கையில் இருக்கிற விஷயம்.

பட்டு நெய்யும் ஆரணிக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. தண்ணீர் மாறினால் பட்டில் சாயம் பிடிக்கும் விதமும் மாறும் என்பது இங்கே சாயப் பட்டறையில் நிற்கிற எவருக்கும் தெரியும். அதே கவனத்தை மீன் தொட்டியிலும் காட்டினால் போதும்.

தெளிந்த நீரில் நஞ்சு

தங்கமீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதே அம்மோனியாதான். இதற்கு நிறம் கிடையாது. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரிலும் அது செவுளை அரித்துக்கொண்டிருக்கும். மருந்துச் சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட்டில்தான் தெரியும். சொட்டு விழுந்த தண்ணீர் மஞ்சளாக நின்றால் நல்லது, பச்சைக்குத் திரும்பினால் ஆபத்து.

இயற்கையில் இதற்குத் தீர்வு உண்டு. ஃபில்டரிலும் கற்களிலும் குடியேறும் நல்ல பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நாமோ தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கிவந்துவிடுகிறோம்.

பழைய தொட்டியிலும் தப்பு நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மீனைப் பக்கெட்டில் போட்டுவிட்டு, தண்ணீர் முழுவதையும் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து அலசி வைக்கிறோம். வீடு சுத்தமானது போலத் தோன்றும், ஆனால் மீனைக் காத்துவந்த பாக்டீரியாக்கள் சாக்கடையில் போயிருக்கும். சரியான முறை இதுதான்: வாரம் ஒருமுறை கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை மெல்ல அலசுங்கள். சோப்பு வேண்டவே வேண்டாம். பட்டுக்குப் பசை நீக்கச் சோடாவும் சோப்பும் கலந்த பாத்திரம், சாயம் தொட்ட வாளி எதையும் மீனுக்கு எடுக்காதீர்கள்.

நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் பிடித்துவைத்து, ஏர் பம்ப் ஓடவிட்டு ஊற்றுங்கள். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தைப் பயன்படுத்தலாம். போர் தண்ணீரின் மிதமான கடினத்தன்மையைத் தங்கமீன் தாங்கும். ஆனால் இன்று போர், நாளை குழாய் என்று திடீரென மாற்றினால் தாங்காது.

தொட்டி, தீனி, வெயில்

சிறு உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் தங்கமீனுக்கு வீடே அல்ல. தண்ணீர் குறைவு, காற்று படும் பரப்பும் குறைவு. ரோம் மாநகராட்சி 2005-இல் இத்தகைய கிண்ணங்களைத் தடைசெய்தது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி நிரம்பினாலும் 56 லிட்டர்தான். இரண்டு மீன் வளர்க்க நினைப்பவர்கள் மூன்றடித் தொட்டிக்குப் போவது நல்லது. கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் சக்கர் மீனைத் துணைக்கு விடாதீர்கள். அது தங்கமீனின் உடல் மேலுள்ள வழுவழுப்பைச் சுரண்டும்.

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. ஒருநாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி. பொரியும் பிரட்டும் வேண்டாம்.

20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். கத்திரி வெயிலில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசியல்ல, மூச்சுத் திணறல். தொட்டியை ஜன்னல் வெயிலிலிருந்து நகர்த்துங்கள், தீனியைக் குறையுங்கள். மின்சாரம் போனால் பேட்டரி ஏர் பம்ப் உதவும். அது இல்லையென்றால் தொட்டித் தண்ணீரையே சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள்.

துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்பது, கல்லில் உடம்பை உரசுவது, உப்புத் தூவியது போன்ற வெள்ளைப் புள்ளிகள், செதில் சிலிர்த்து வயிறு உப்புவது: இவை நோயின் அறிகுறிகள். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். மெடிக்கலில் டெட்ராசைக்ளின் கேப்சூல் வாங்கிப் பிரித்துக் கொட்டாதீர்கள். அது நல்ல பாக்டீரியாவையும் கொல்லும், மருந்துக்கு அடங்காத கிருமியையும் வளர்க்கும். கால்நடை மருத்துவரையோ மாவட்ட மீன்வளத் துறையையோ கேளுங்கள்.

வாங்குபவரின் உரிமை

சென்னை கொளத்தூர் தமிழ்நாட்டின் பெரிய வண்ண மீன் சந்தை. அதுபோன்ற இடங்களிலிருந்து பாலித்தீன் பையில் ஆக்சிஜன் அடைத்து வரும் மீன் களைத்துப்போய்த்தான் கடை சேரும். வந்த அன்றே வாங்காதீர்கள். ஒரு தொட்டியில் செத்த மீன் ஒன்று கிடந்தாலும் அதிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். பக்கத்துத் தொட்டியில் பளிச்சென்று மின்னும் ரோஸ், நீல நிற டெட்ரா மீன்கள் பலவும் சாயம் ஏற்றப்பட்டவை. அவற்றை வாங்கி அந்தக் கொடுமைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பில் கேளுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படியே. "உத்தரவாதம் இல்லை" என்று அட்டை தொங்கவிட்டதாலேயே கடைக்காரரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. ஆனால் குறை மீனிலா நம் தொட்டியிலா என்ற கேள்வி கட்டாயம் எழும். வாங்கிய அன்றே எடுத்த படம், பில், தண்ணீர்ச் சோதனைக் குறிப்பு மூன்றும் கையில் இருக்கட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரையென்றால் கட்டணம் இல்லை.

மீனின் உரிமை

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960, மனிதர் தவிர்த்த எல்லா உயிர்களையும் 'விலங்கு' என்கிறது. அதில் மீனும் அடங்கும். வளர்ப்பவர் போதிய உணவும் உறைவிடமும் தராவிட்டால் அது குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 50 ரூபாய்க்கு மேல் இல்லை என்பது வேதனையான குறை. 2017 மே மாதம் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது, கிண்ணத்தில் வைப்பதைத் தடைசெய்தது. சில மாதங்களில் அவை திரும்பப் பெறப்பட்டன. 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளும் நாய், பூனை, பறவை போன்றவற்றோடு நின்றுவிட்டன. சட்டம் விட்ட இடத்தை நம் மனசாட்சிதான் நிரப்ப வேண்டும்.

நமக்கும் ஊருக்கும்

கையில் வெட்டோ வெடிப்போ இருக்கும்போது தொட்டிக்குள் கைவிடாதீர்கள். தறியிலும் சாயத்திலும் உழைக்கிற கைகளுக்கு இது முக்கியம். 'மைக்கோபாக்டீரியம் மரைனம்' என்ற கிருமி அந்த வழியாக நுழைந்து வாரக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். அப்படி வந்தால் மருத்துவரிடம் மீன் வளர்ப்பதைச் சொல்லுங்கள். தண்ணீரில் கை வைக்கும்முன் பம்ப், விளக்கு எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்குங்கள்.

வளர்க்க முடியாத மீனைக் கமண்டல நாகநதியிலோ ஏரியிலோ விடுவது புண்ணியம் அல்ல. தொட்டியிலிருந்து தப்பிய சக்கர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களை நெருக்குவதைப் பார்க்கிறோம். கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கத் தெரிந்தவரிடம் சேருங்கள்.

இந்த வாரம் மீன் வாங்கும் எண்ணம் இருந்தால், தொட்டியும் ஃபில்டரும் டெஸ்ட் கிட்டும் மட்டும் வாங்கி வாருங்கள். மீன் இல்லாமலே ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். முதலில் ஏறும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பிறகு இறங்கிச் சுழியத்தில் நிற்கும். அன்றைக்குக் கடைக்குப் போங்கள், நல்ல மீனாகப் பார்த்து எடுங்கள், பில்லோடு வீடு திரும்புங்கள்.