மலைச்சரிவு நிலங்களுக்கேற்ற சிறு உழவு இயந்திரம்: தெரிவுக்கான சில அடிப்படைகள்

உழவு இயந்திரம் என்றதும் எம்மிற் பெரும்பாலோரின் மனக்கண் முன் தோன்றுவது உலர்வலயத்து நெல்வயலே. சமதரையில், நீர் தேங்கிய சேற்றில், நீண்ட வரம்புகளுக்கிடையே இயங்கும் பொறிக்கு வேண்டிய தகுதிகள் யாவை என்பதை எமது விவசாயிகள் அனுபவத்தால் நன்கறிவர். ஆனால், அதே அளவுகோலைக் கொண்டு நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை போன்ற பகுதிகளின் மரக்கறித் தோட்டங்களுக்கோ, கண்டி மாவட்டத்து வீட்டுத் தோட்டங்களுக்கோ இயந்திரம் வாங்க முற்படுவோர் பொருள் இழப்புக்கு மட்டுமன்றி உயிராபத்துக்கும் உள்ளாக நேரிடும். எனவே, மலைநிலத்துக்கான சிறு உழவு இயந்திரத்தை எவ்வடிப்படையில் தெரிவு செய்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

வாங்குவோர் விற்பனையாளரிடம் முதலிற் கேட்கும் வினா, “எத்தனை பரிவலு?” என்பதாகும். மலைநிலத்தைப் பொறுத்தவரை இது இறுதியிற் கேட்க வேண்டிய வினா என்பதே எமது துணிபு. நிலத்தின் சாய்வு எவ்வளவு, அச்சாய்வில் இயந்திரம் புரளாது நிற்குமா, சுமையோடு இறங்கும்போது அதனை நிறுத்த முடியுமா என்னும் மூன்று வினாக்களும் அதற்கு முற்பட்டவை.

1. நிலத்தை அளத்தல்

சாய்வைக் கண்ணால் மதிப்பிடுவது தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும். எளிய கருவிகளைக் கொண்டே அதனை அளக்கலாம். ஒரு மீற்றர் நீளமான நேரிய சட்டமொன்றின் ஒரு முனையைச் சரிவின் மேற்பக்கத்து நிலத்தில் வைத்து, மேசன்மாரின் மட்டக்கோலை அதன்மேல் வைத்துச் சட்டத்தைக் கிடையாகப் பிடிக்க வேண்டும். மறுமுனைக்கும் நிலத்துக்கும் இடையேயுள்ள நிலைக்குத்துத் தூரம் 20 சென்ரிமீற்றராயின் சாய்வு 20 நூற்றுவீதமாகும். இதனைப் பாகையிற் கூறின் ஏறத்தாழ 11 பாகை. 100 நூற்றுவீதச் சாய்வு என்பது செங்குத்தன்று, அது 45 பாகையே என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

ஒரே தோட்டத்தில் ஓரிடம் 8 நூற்றுவீதமாகவும் மற்றோரிடம் 40 நூற்றுவீதமாகவும் இருத்தல் மலைநாட்டில் இயல்பு. ஆதலால், சராசரியைக் கணித்துப் பயனில்லை. இயந்திரம் செல்ல வேண்டிய இடங்களுள் மிகச் செங்குத்தானது எதுவோ அதுவே தெரிவைத் தீர்மானிக்கின்றது. வீதியிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் பாதை, படிக்கட்டு நிலங்களுக்கிடையேயான வழி, திரும்புவதற்குரிய இடம் ஆகியனவும் இவற்றுள் அடங்கும்.

2. புரளுதலும் அதன் காரணங்களும்

இயந்திரமொன்று பக்கவாட்டாகப் புரள்வது, அதன் புவியீர்ப்பு மையத்தினூடான நிலைக்குத்துக் கோடு கீழ்ப்பக்கச் சில்லுகளுக்கு வெளியே செல்லும்போதாகும். இரு சில்லுகளுக்கிடையே 1 மீற்றர் அகலமும், நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றர் உயரத்திற் புவியீர்ப்பு மையமும் உடைய சிறு இயந்திரமொன்றை எடுத்துக்கொள்வோம். எளிய கணிப்பின்படி அது புரளும் கோணம் ஏறத்தாழ 40 பாகை. இத்தொகை வாங்குவோருக்கு நம்பிக்கையூட்டக்கூடும். ஆனால், தோட்டத்திற் பாவிக்கும்போது அதில் எவ்வளவு எஞ்சுகின்றது எனக் காண்போம்.

முன்புறத்தில் மண் அள்ளும் வாளியைப் பொருத்தி, அதனை நிரப்பி உயர்த்தும்போது புவியீர்ப்பு மையம் 80 சென்ரிமீற்றருக்கு உயர்வதாகக் கொண்டால், கோணம் 32 பாகையாகக் குறைகின்றது. மேற்பக்கச் சில்லு 15 சென்ரிமீற்றர் உயரமான கல்லில் ஏற, கீழ்ப்பக்கச் சில்லு 10 சென்ரிமீற்றர் ஆழமான குழியில் இறங்குமாயின், அதனால் மட்டும் இயந்திரம் 14 பாகை சாய்கின்றது. எஞ்சுவது 18 பாகை, அதாவது 32 நூற்றுவீதச் சாய்வு மட்டுமே. இதுவும் அசையாது நிற்கும் இயந்திரத்துக்குரிய கணக்கு. இயங்கும் வேகமும் திருப்பத்தில் ஏற்படும் வெளித்தள்ளலும் இதனை இன்னும் குறைக்கும். அன்றியும், முன்னச்சு நடுவில் ஓர் ஆணியிற் பொருத்தப்பட்டு மேலுங்கீழும் ஆடுவதால், இயந்திரம் புரளத் தொடங்கும் வேளையில் நான்கு மூலைகளிலன்றி, இரு பின்சில்லுகளும் அவ்வாணியும் அமைக்கும் முக்கோணத்திலேயே அது தாங்கப்படுகின்றது.

இதிலிருந்து பெறப்படும் முடிவுகள் தெளிவானவை. சில்லகலத்தைக் கூட்டக்கூடியதும், தாழ்ந்த அமைப்புடையதுமான இயந்திரமே மலைநிலத்துக்கு உகந்தது. பின்சில்லுகளின் ரயர்களில் நீர் நிரப்புதல் குறைந்த செலவில் புவியீர்ப்பு மையத்தைத் தாழ்த்தும் வழியாகும். சுமை எதுவாயினும் அதனை நிலத்தோடு ஒட்டியே கொண்டு செல்லல் வேண்டும்.

பின்புறமாகப் புரளுதல் இதனினும் கொடியது. இழுக்க வேண்டிய மரக்குற்றியையோ சுமையையோ பின்னச்சுக்கு மேலான இடத்தில் கட்டினால், முன்பகுதி மேலெழுந்து இயந்திரம் ஓட்டுநர்மேல் விழுவதற்கு ஓரிரு வினாடிகளே போதும். சாரதி உணர்ந்து செயற்பட அவகாசமிராது. ஆகவே, தாழ்வாக அமைந்த இழுவைச் சட்டத்திலன்றி வேறெங்கும் சுமையைக் கட்டலாகாது.

புரளுங்கால் ஓட்டுநரைக் காப்பது இருக்கைக்குப் பின்னாலுள்ள உருக்குக் காப்புச் சட்டமாகும். 1959இல் சுவீடன் புதிய உழவு இயந்திரங்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. பின்னர் பல நாடுகள் அதனைப் பின்பற்றின. பழைய இயந்திரங்களை வாங்குவோர், இச்சட்டம் கழற்றப்பட்டுள்ளதா என முதலிற் பார்த்தல் வேண்டும். இருக்கைப் பட்டி அணியாதவரைச் சட்டம் காப்பதில்லை என்பதும் மறத்தற்குரியதன்று.

3. ஏறுதலும் இறங்குதலும்

இனி வலுவை நோக்குவோம். இயந்திரமும் அதன் இழுவைப் பெட்டியும் சுமையுமாக மொத்தம் 1,500 கிலோகிராம் எனக் கொள்வோம். 20 நூற்றுவீதச் சரிவில் ஏறுவதற்கு, சரிவின் வழியே ஏறத்தாழ 300 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசை தேவை. உருளல் தடையையும் சேர்த்து இதனை 370 எனக் கொள்ளலாம். வினாடிக்கு 1 மீற்றர், அதாவது நடை வேகத்தில் இச்சுமையை ஏற்றச் சில்லுகளில் வேண்டப்படுவது 5 பரிவலு அளவே. பொறியில் ஏற்படும் இழப்புகளையும், உயரத்தால் ஏற்படும் குறைவையும் கூட்டினாலும் இத்தொகை பெரிதன்று. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்திலும் பார்க்க ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு என்பதால், சாதாரண டீசல் பொறியின் உச்ச வலுவும் அங்கு குறைகின்றது.

ஆகவே, ஏறும்போது இயந்திரம் தோல்வியுறுவது வலுவின்மையால் அன்று. சில்லுகள் மண்ணைப் பற்றாமையாலேயே. நான்கு சில்லுகளுக்கும் வலு செல்லும் அமைப்பின் பயன் இங்கு புலனாகின்றது.

இறங்கும்போது இவ்வமைப்பு மேலும் இன்றியமையாததாகின்றது. சிறு உழவு இயந்திரங்களிற் பிரேக்குப் பொதுவாகப் பின்சில்லுகளில் மட்டுமே உண்டு. சரிவில் இறங்கும்போதோ நிறை முன்னோக்கிச் சாய்வதால் பின்சில்லுகளின் பிடி தளர்கின்றது. முன்னச்சும் பொறியோடு இணைந்திருப்பின் பிரேக்கு நான்கு சில்லுகளிலும் தொழிற்படும். இறங்கத் தொடங்குமுன் தாழ்ந்த கியரைத் தெரிந்து, வலது இடது பிரேக்கு மிதிகளை ஒன்றாகப் பூட்டிக்கொள்ளல் வேண்டும். சரிவின் நடுவில் கிளச்சை மிதித்தலும் கியரை மாற்ற முயலுதலும் பொறியின் தடுப்பாற்றலை இழப்பதாகும். தனக்கெனப் பிரேக்கில்லாத இழுவைப் பெட்டி, இறக்கத்தில் இயந்திரத்தையே தள்ளிச் செல்லும். ஏற்றக்கூடிய சுமையை விட, பாதுகாப்பாக இறக்கக்கூடிய சுமையே எல்லையாகக் கொள்ளத்தக்கது.

4. இரு சில்லா, நான்கு சில்லா?

எமது நாட்டில் இவ்வினாவுக்குத் தனிச்சிறப்பு உண்டு. 1950களில் ‘லாண்ட்மாஸ்டர்’ எனும் இரு சில்லு உழவு இயந்திரத்தை வடிவமைத்தவர் இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்தன (1924–2010) ஆவார்.

குறுகிய படிக்கட்டு நிலங்களில் இரு சில்லு இயந்திரத்துக்கு நிகரானது வேறில்லை. நடந்து செலுத்துபவர் அதன் அடியில் அகப்படும் வாய்ப்பும் குறைவு. ஆயினும், ஒரு பண்பை அறிந்தே அதனைக் கையாள வேண்டும். சமதரையில் இடப்பக்கப் பிடியை அழுத்தினால், இடச்சில்லுக்குச் செல்லும் வலு நின்று இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்திலோ, பொறியின் தடுப்பிலிருந்து விடுபட்ட அச்சில்லு மற்றையதிலும் விரைவாக உருள, இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். சமதரையிற் பழகிய ஒருவர் சுமைப்பெட்டியோடு மலைப்பாதையில் இறங்கும்போது இதனை அறியாதிருப்பின், விளைவு பள்ளத்தில் முடியும்.

எமது நோக்கில், 15 நூற்றுவீதம் வரையான சாய்வில் நான்கு சில்லு இயந்திரத்தை உரிய கவனத்தோடு பாவிக்கலாம். 15க்கும் 25க்கும் இடையில், அகன்ற, தாழ்ந்த, நான்கு சில்லுகளுக்கும் வலு செல்லும் இயந்திரமே ஏற்றது; அதுவும் சரிவுக்குக் குறுக்காகவன்றி மேலுங்கீழுமாகச் செல்லுதல் வேண்டும். அதற்கு மேற்பட்ட சாய்வில், படிக்கட்டு அமைத்த இடங்களில் இரு சில்லு இயந்திரமும், ஏனைய இடங்களில் மண்வெட்டியும் முள்ளுமே பொருத்தமானவை. உற்பத்தியாளரின் கைநூல் இதனினும் குறைந்த எல்லையைக் கூறுமாயின் அதுவே கொள்ளத்தக்கது.

5. மண்ணின் வினா

ஓட்டுநரின் பாதுகாப்புக்காக மேலுங்கீழுமாகச் செல்லுமாறு கூறினோம். மண்பாதுகாப்போ சமவுயரக் கோட்டின் வழியே உழுமாறு வேண்டுகின்றது. இம்முரண்பாட்டைப் பொறியாற் தீர்க்க முடியாது. சரிவின் வழியே உழுத சால் ஒவ்வொன்றும் மழைக்கு வாய்க்காலாகின்றது. மலைநாட்டிற் பரந்து காணப்படும் செம்மஞ்சள் பொட்சோலிக் மண்ணைச் சுழற்கலப்பையாற் பொடியாக்கி விட்டால், பருவமழை அதனைப் பள்ளத்தாக்குக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் கொண்டு சேர்க்கின்றது.

லாண்ட்மாஸ்டரை உருவாக்கிய விஜேவர்தன அவர்களே பிற்காலத்தில், நைஜீரியாவின் இபதானிலுள்ள வெப்பவலய விவசாயத்துக்கான பன்னாட்டு நிறுவகத்திற் பணியாற்றியதோடு, மண்ணைப் புரட்டாத பயிர்ச்செய்கையையும், சரிவுகளிற் கிளிறிசிடியா வேலிகளை வரிசையாக நட்டு மண்ணைத் தடுக்கும் முறையையும் வலியுறுத்தினார். உழவு இயந்திரம் படைத்தவரே உழவின் தேவையை வினவியமை எமது சிந்தனைக்குரியது.

எனவே, 15 நூற்றுவீதத்துக்கு மேற்பட்ட சரிவில் இயந்திரத்தின் முதன்மைப் பணி உழவாக இருத்தலாகாது. பசளையை ஏற்றுதல், விளைவை வீதிக்குக் கொண்டு சேர்த்தல், புல்வெட்டுதல், நீர் இறைத்தல் ஆகியனவே அதற்குரிய பணிகள். இவற்றுக்கு 20 பரிவலுவே பெரும்பாலும் போதுமானது. ஓர் ஏக்கருக்குக் குறைந்த நிலமுடையோர் தனித்து வாங்குவதிலும் அயலவரோடு கூட்டாக வாங்குதல் அல்லது வாடகைக்குப் பெறுதல் நன்று.

மலைநிலத்தில் இயந்திரத்தைத் தெரிவு செய்வது நிலமேயன்றி விற்பனையாளரல்லர். பெரும் வலுவுடைய பொறி ஏற்றத்தில் எம்மை மகிழ்விக்கலாம். வாங்குவோர் ஒப்பமிடுமுன், விற்பனையகத்தின் சமதரையிலன்றித் தமது தோட்டத்தின் மிகச் செங்குத்தான பாதையில், அனுபவமிக்க ஒருவரைக் கொண்டு அதனைச் சுமையோடு ஒருமுறை இறக்கிப் பார்த்தல் வேண்டும். அச்சோதனைக்கு விற்பவர் இசையாராயின், அவ்வியந்திரம் அந்நிலத்துக்குரியதன்று என்பதே பெறப்படும்.