சின்ன பிராண்டு, பெரிய உறுதிமொழி: சரிபார்ப்பது எப்படி?

திருப்பூரில் தைக்கப்படும் ஒரு பருத்தி டி-ஷர்ட், பனியன் கம்பெனிக்குள் நுழைவதற்கு முன்பே நான்கைந்து முதலாளிகளின் கை மாறியிருக்கும். பருத்தி விளைந்த காடு ஒருவருடையது. விதை பிரித்த ஜின்னிங் ஆலை இன்னொருவருடையது. நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங் என ஒவ்வொன்றும் தனித்தனித் தொழில். மாதம் சில நூறு உருப்படிகள் விற்கும் சிறிய ஆடை பிராண்டுக்கு இவற்றில் ஒன்றுகூடச் சொந்தமாக இருப்பது அபூர்வம். வடிவமைப்பும் பெயரும் இணையக் கடையும் அதனுடையவை. மற்றதெல்லாம் ஜாப் ஒர்க். ஆகவே, “எங்கள் ஆடை இயற்கைக்கு உகந்தது, நியாயமான முறையில் தயாரானது” என்று அது சொல்லும்போது, பிறர் செய்த வேலைக்கு அது ஜாமீன் நிற்கிறது. எதை நம்பி ஜாமீன் நிற்கிறது என்பதைப் பார்ப்பதுதான் மதிப்பீட்டின் முதல் வேலை.

சிறிய நிறுவனம் என்றால் நேர்மையாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் வாங்குபவர்களிடம் பரவலாக உண்டு. அதற்கு ஆதாரம் குறைவு. வங்கதேசத்தில் டாக்கா அருகே சாவரில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டபின், உலகின் பார்வை பெரிய பிராண்டுகள் மீது திரும்பியது. தங்களுக்குத் தைத்துத் தரும் ஆலைகளின் பட்டியலைப் பல நிறுவனங்கள் வெளியிடத் தொடங்கின. ‘ஃபேஷன் ரெவல்யூஷன்’ இயக்கம் வெளியிட்ட வெளிப்படைத்தன்மைக் குறியீடு 250 பெரிய நிறுவனங்களை எடைபோட்டது. சிறியவை இந்தக் கண்காணிப்புக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. சட்டத்தின் பிடியும் இங்கே தளர்வு. வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) பொதுவாக 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்துக்கும், இ.எஸ்.ஐ. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள இடத்துக்கும்தான் கட்டாயம். எட்டுப் பேர் உட்கார்ந்து தைக்கும் பட்டறைக்கு இரண்டும் கட்டாயமில்லை. சிறிய பிராண்டுகளின் சிறிய ஆர்டர்கள் போய்ச் சேருவது பெரும்பாலும் அத்தகைய பட்டறைகளுக்குத்தான்.

இழையிலிருந்து தொடங்கலாம். ‘மூங்கில் துணி’ என்று விற்கப்படுவது அநேகமாக விஸ்கோஸ் ரேயான். மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து மீண்டும் இழையாக இழுக்கும் முறை அது. அதில் பயன்படும் கார்பன் டைசல்பைடு, ஆலைத் தொழிலாளியின் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் நஞ்சு. ரேயானை மூங்கில் என்று விற்றதற்காக 2022-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் நடவடிக்கையால் வால்மார்ட்டும் கோல்ஸும் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. ‘மறுசுழற்சி பாலியஸ்டர்’ பெரும்பாலும் குடிநீர் பாட்டிலிலிருந்து வருகிறது. பழைய துணியிலிருந்து வருவது மிகக் குறைவு. துவைக்கும்போது புதிய பாலியஸ்டரைப் போலவே அதுவும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளை உதிர்க்கும். பருத்தியிலும் ‘இயற்கை வேளாண்மைப் பருத்தி’ என்ற ஒரு சொல் போதாது. மானாவாரியில் விளைந்ததா, பாசனத்திலா, எந்த மாவட்டத்தில் என்று தெரிந்தால்தான் நீர்ச்செலவைப் பற்றிப் பேச முடியும்.

ஆனால் இழையைப் பற்றி எல்லா பிராண்டுகளும் பேசும். சாயத்தைப் பற்றிப் பேசுவது சில பிராண்டுகள் மட்டுமே. சேதம் அதிகம் நடப்பதும் அங்கேதான். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்நிறமானால் ஒரு லிட்டர் சாயநீருக்கு 50 கிராமுக்கு மேலும் போகும். துணியில் நிறம் ஏறிய பிறகு அந்த உப்பு அப்படியே கழிவுநீரில் தங்கிவிடுகிறது. நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யும் வழக்கமான சுத்திகரிப்பால் அதை அகற்ற முடியாது. திருப்பூருக்குக் கீழே நொய்யலில் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகிப் போனது இப்படித்தான். கிணற்று நீர் உவர்ப்பாகி, நிலம் கெட்டு, விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாறினால்தான் இயங்கலாம் என்ற நிலை அதன்பின் வந்தது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரின் பெரும்பகுதியை மீட்டு, மிச்ச உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கின்றன. இதற்குச் செலவு அதிகம். அதனால் மலிவாகச் சாயமிட்டுத் தரும், கண்ணில் படாத பட்டறைகளைத் தேடிப் போகும் ஆசை எப்போதும் இருக்கிறது. ஒரு பிராண்டு தன் சாயப்பட்டறையின் பெயரையும், அது எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்தது என்பதையும் சொல்லிவிட்டால், மற்ற நூறு வாசகங்களைவிட அது மேலான சான்று.

‘இயற்கைச் சாயம்’ என்ற சொல்லும் தானாக விடை ஆகாது. மஞ்சிட்டி, மாதுளைத் தோல் போன்றவற்றின் நிறம் துணியில் நிற்க உலோக உப்பு தேவை. படிகாரம் என்றால் கவலை குறைவு. தாமிர, குரோமிய உப்புகள் என்றால் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டாக வேண்டும்.

உழைப்பின் கதையிலும் இதே கோணல் உண்டு. பிராண்டின் பக்கங்களில் தெரிவது தையல் கூடம்: வெளிச்சமான அறை, சிரிக்கும் முகங்கள். அதற்கு முந்தைய நூற்பாலையின் படம் அங்கே இருப்பதில்லை. தமிழ்நாட்டு நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் ஏழைக் குடும்பத்து இளம்பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்த்து, விடுதியில் அடைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று ஒரு தொகை தரும் வழக்கம் இருந்தது. இடையில் விலகினால் அந்தத் தொகை கிடைக்காது. கண்ணியமான எந்த அளவுகோலாலும் இது கட்டாய உழைப்புக்கு வெகு அருகில் வரும் ஏற்பாடு. தைத்த இடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நூல் இப்படி நூற்கப்பட்டிருந்தால் அந்த ஆடையை நியாயமானது என்று விற்கக் கூடாது. 2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் வேறொரு வழியைக் காட்டியது. பெண் தொழிலாளர்கள் மீதான பாலியல் வன்முறையைத் தடுக்க, தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் செய்துகொண்ட ஏற்பாடு அது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் அதற்குக் கட்டுப்பட்டன. நூற்பாலைகளும் அதில் அடக்கம். தொழிலாளர் சங்கம் ஒரு தரப்பாக இருந்ததுதான் அதன் பலம். தணிக்கையாளர் ஆண்டுக்கொரு முறை வந்து போவார். சங்கம் தினமும் அங்கேயே இருக்கும்.

சான்றிதழ்களை எப்படிப் படிப்பது? ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்ற முத்திரை, துணியில் உடலுக்குக் கேடான பொருள் இருக்கிறதா என்ற சோதனையைக் குறிக்கும். கூலியைப் பற்றியோ வயலைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது. ஜி.ஓ.டி.எஸ். எனப்படும் உலகளாவிய ஆர்கானிக் ஜவுளித் தரநிலை இன்னும் விரிவானது. ‘ஆர்கானிக்’ என்று போட 95 சதவீதமும், ‘ஆர்கானிக் கலந்தது’ என்று போட 70 சதவீதமும் சான்று பெற்ற இழை இருக்க வேண்டும். ஜின்னிங்கிலிருந்து தையல் வரை ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகச் சான்று பெற்றிருக்க வேண்டும். சாயத்துக்கும் தொழிலாளர் நலனுக்கும் விதிகள் உண்டு. ‘ஜி.ஓ.டி.எஸ். துணியில் தைத்தது’ என்பதும் ‘ஜி.ஓ.டி.எஸ். ஆடை’ என்பதும் ஒன்றல்ல. உண்மையான முத்திரையில் சான்று வழங்கிய அமைப்பின் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை ஜி.ஓ.டி.எஸ். இணையதளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். அப்படியும் காகிதம் ஏமாற்றக்கூடும். 2020-இல் இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்திக்குப் போலிப் பரிவர்த்தனைச் சான்றுகள் கொடுக்கப்பட்டதை ஜி.ஓ.டி.எஸ். அமைப்பே கண்டறிந்து 11 நிறுவனங்களைத் தடை செய்தது. மறுபக்கம், சான்றுக் கட்டணமும் தணிக்கைச் செலவும் தாங்காத சிறு நெசவாளர் குழுவிடம் முத்திரை இல்லை என்பதற்காக அதைச் சந்தேகிப்பது அநியாயம். அதனிடம் கேட்க வேண்டியது பெயர்களை: எந்த ஊர், எந்த விவசாயி, யார் நெய்தது.

பொள்ளாச்சியின் எத்திகஸ் இதற்கு நல்ல உதாரணம். பரம்பரையாக ஜின்னிங் தொழிலில் இருந்த அப்பாச்சி குடும்பம் 2009-இல் தொடங்கிய பிராண்டு இது. கர்நாடகத்தின் கபினிப் பகுதி விவசாயிகளிடம் பருத்தி வாங்கி, பொள்ளாச்சியில் கைத்தறியில் நெய்கிறது. நெய்தவரின் பெயரும் படமும் நெய்ய ஆன நாட்களும் அடங்கிய அட்டையோடு சேலை விற்பனைக்கு வருகிறது. பருத்தியிலேயே வேர் ஊன்றியிருப்பதால் அவர்களுக்கு இது கைகூடுகிறது. திருப்பூரில் துணி வாங்கித் தைக்கும் பிராண்டுக்கு இவ்வளவு தூரம் பின்னோக்கிப் போவது கடினம். அட்டையில் நெய்தவரின் முகம் இருப்பது நல்லது. நாட்கூலி என்ன என்பதும் இருந்தால் இன்னும் நல்லது. இந்தக் குறை ஏறத்தாழ எல்லா பிராண்டுகளுக்கும் பொருந்தும்.

சிறிய பிராண்டால் ஆலையை மிரட்ட முடியாது; அதன் ஆர்டர் அவ்வளவு பெரியதில்லை. ஆனால் வாங்கும் முறை அதன் கையில் இருக்கிறது. ஒரே பட்டறையோடு பல ஆண்டுகள் தொடர்வது, முன்பணம் கொடுப்பது, கடைசி நேரத்தில் டிசைனை மாற்றி ஒன்றரை ஷிப்ட் ஓட்ட வைக்காமல் இருப்பது, மிகைநேரத்துக்குச் சட்டப்படியான இரட்டைச் சம்பளம் போகிறதா என்று பார்ப்பது ஆகியவை தையலரின் வாழ்க்கையை நேரடியாகத் தொடுபவை. ஒரு டி-ஷர்ட்டின் சில்லறை விலையில் தையல் கூலி மிகச் சிறிய பங்கு. அதை உயர்த்தினால் விலை எட்டாமல் போய்விடும் என்ற வாதம் நிற்காது. எவ்வளவு தயாராகிறது, எவ்வளவு விற்காமல் தேங்குகிறது என்பதும் முக்கியம். ஆர்டர் வந்தபின் தைக்கும் பிராண்டு இதில் மேல். திருப்பூரின் காதர்பேட்டை போன்ற சந்தைகளில் மிச்சத் துணி வாங்கித் தைப்பது புதிய சாயத்தையும் நூலையும் மிச்சப்படுத்தும். ஆனால் அந்தத் துணியின் பூர்வீகம் தெரியாது என்பதை பிராண்டு ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

எண்களிலும் எச்சரிக்கை வேண்டும். நார்வேயின் நொரோனா என்ற ஆடை நிறுவனம், தன் ஆர்கானிக் டி-ஷர்ட் இவ்வளவு நீரைச் சேமிக்கிறது என்று உலகச் சராசரிக் கணக்கைக் காட்டி விளம்பரம் செய்தது. சராசரியைக் காட்டி ஒரு குறிப்பிட்ட ஆடையைப் பற்றிப் பேச முடியாது என்று 2022-இல் அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் அதைத் தடுத்தது. இந்தியாவிலும் 2024 அக்டோபரில் வந்த பசுமைப் பூச்சுத் தடுப்பு வழிகாட்டுதல்கள், ‘இயற்கையானது’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ போன்ற சொற்களுக்கு விளக்கமும் ஆதாரமும் கேட்கின்றன.

அப்படி ஆதாரம் கேட்கும் உரிமையை வாங்குபவர்களும் பயன்படுத்த வேண்டும். நூல் எந்த ஆலையில் நூற்றது, சாயம் எங்கே போட்டது, தையலருக்கு என்ன கூலி, பி.எஃப். உண்டா என்று எழுதிக் கேட்கலாம். பெயர்களோடு பதில் சொல்லி, தெரியாததைத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் நிறுவனத்திடம் தாராளமாக வாங்கலாம். மூன்று முறை கேட்டும் பொதுவான வாசகங்களே திரும்பி வந்தால், அந்த ஆடையை வாங்காமல் இருப்பதே சரி.