விமானத் தரைப்பணியாளரும் வேலைப் பாதுகாப்பும்

விமானப் பயணம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவோர் விமானியும் பணிப்பெண்டிருமே ஆவர். பெட்டிகளை ஏற்றி இறக்குவோர், இழுவை வண்டியால் விமானத்தைப் பின்னுக்குத் தள்ளுவோர், இருக்கைகளுக்கிடையே துப்புரவு செய்வோர் ஆகியோரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும், தரையிறங்கிய விமானம் மீண்டும் குறித்த வேளையில் கிளம்புவது இவர்கள் கைகளிலேயே உள்ளது. பறக்கும் நேரத்தில் மட்டுமே விமானம் பொருளீட்டும்; நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் செலவே. ஒரு விமானம் தாமதித்தால் அன்று அது செல்லவேண்டிய அடுத்தடுத்த ஊர்களிலும் தாமதம் தொடரும். தரைப்பணியாளரின் பேரம் பேசும் வலிமை இங்கேதான் பிறக்கின்றது. அவ்வலிமையைக் கண்டு அஞ்சும் நிர்வாகம், அப்பணியை வெளி ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட விழைவதும் இங்கேதான் தொடங்குகின்றது. இவ்விரண்டும் நேருக்கு நேர் மோதிய ஒரு வழக்கினை இக்கட்டுரையில் காண்போம்.

1920இல் தோன்றிய குவாண்டாஸ், ஆஸ்திரேலியாவின் முதன்மையான விமான நிறுவனமாகும். நெடுங்காலம் அரசுடைமையாக விளங்கிய அது 1990களில் தனியார்வசம் ஆயிற்று. அந்நாட்டுச் சட்டப்படி நிறுவனமும் தொழிலாளரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊதியம், பணி நிலைமை குறித்து ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர். அதன் காலம் நடப்பிலிருக்கும்வரை வேலைநிறுத்தம் கூடாது. காலம் முடிந்து புதிய பேச்சுவார்த்தை நடைபெறும்போது, உரிய முறைப்படி செய்யப்படும் வேலைநிறுத்தத்திற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆகவே, ஒப்பந்தம் முடியும் காலமே தொழிலாளர்க்கு வலிமை கூடும் காலம் எனலாம். 2011இல் அத்தகைய பேச்சுவார்த்தை முற்றியபோது, அக்டோபர் 29 அன்று நிறுவனம் தன் விமானங்கள் அனைத்தையும் உலகெங்கும் நிறுத்திவிட்டது. இரு நாட்களில் தொழில் தீர்ப்பாயம் தலையிட்டே அப்பூசலைத் தீர்க்க நேர்ந்தது.

2020இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தது. எல்லைகள் மூடப்பட்டன, விமானங்கள் முடங்கின. அவ்வாண்டு ஆகஸ்டில், தரைப்பணியை வெளியாரிடம் ஒப்படைப்பது பற்றி ஆராய்வதாகக் குவாண்டாஸ் அறிவித்தது. தொழிலாளரும் விரும்பினால் ஒப்பந்தப்புள்ளி அளிக்கலாம் என்றது. தாம் பார்த்துவந்த வேலைக்குத் தாமே விலைகூற வேண்டிய நிலை! சங்கமும் அவ்வாறே அளித்தது, அது ஏற்கப்படவில்லை. நவம்பர் 30 அன்று, 10 விமான நிலையங்களின் தரைப்பணி ஒப்பந்தக்காரர்க்கு வழங்கப்படும் என்னும் முடிவு வெளியாயிற்று. ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலர் மிச்சமாகும் என்பது நிறுவனம் கூறிய கணக்கு.

செலவைக் குறைக்கப் பணியை வெளியே கொடுப்பது அந்நாட்டில் குற்றமன்று. பின் எவ்வாறு வழக்கு எழுந்தது? தொழிலாளர் தம் பணியிட உரிமையைப் பயன்படுத்தாதவாறு தடுக்கும் நோக்கில் அவர்க்குத் தீங்கு செய்யலாகாது என்பது சட்டம். தன் முடிவுக்கு அந்நோக்கம் காரணமன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பும் முதலாளியையே சாரும். மனத்துள் இருப்பதைத் தொழிலாளி எங்ஙனம் மெய்ப்பிப்பான்? அதனால் இவ்வேற்பாடு மிகவும் பொருத்தமானது என்றே நாம் கருதுகின்றோம். 2021இல் பேச்சுவார்த்தையும் வேலைநிறுத்தமும் வரக்கூடும் என்பது நிர்வாகத்திற்குத் தெரிந்ததே. அதனைத் தவிர்ப்பதும் தன் முடிவின் காரணங்களுள் ஒன்றன்று என்பதை நிறுவனத்தால் நிலைநாட்ட இயலவில்லை. கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி மைக்கேல் லீ 2021 ஜூலையில் அவ்வாறே தீர்ப்பளித்தார், மேல்முறையீடும் தோற்றது.

இறுதியில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றத்திற்கு வழக்குச் சென்றது. (அங்கே அதுவே நாட்டின் தலைமை நீதிமன்றம்.) முடிவெடுத்த நாளில் தொழிலாளர்க்கு வேலைநிறுத்த உரிமை இன்னும் வந்து சேரவில்லையே, வராத உரிமையைத் தடுப்பது எங்ஙனம் என வினவியது நிறுவனம். நுட்பமான வாதந்தான். எனினும், பின்னர் எழக்கூடிய உரிமையை முன்கூட்டியே தடுப்பதும் சட்டத்தின் பிடிக்குள் அடங்கும் என 2023 செப்டம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். உரிமை கைக்கு வருமுன்பே உரியவரை வெளியேற்றிவிடலாம் என்றால், சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகிவிடும் அல்லவா?

இழப்பீடு குறித்த விசாரணை தனியே நடந்தது. சட்டமீறல் நிகழாதிருந்தாலும் ஓராண்டிற்குள் நிறுவனம் முறைப்படியே இப்பணியை வெளியே கொடுத்திருக்கும் என்று நீதிபதி கணித்தார். எனவே ஊதிய இழப்பு 12 மாதங்களுக்கே வரையறுக்கப்பட்டது. மன வேதனைக்கென, எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்ட மூவர்க்கு முறையே 30,000, 40,000, 1,00,000 டாலர் என மதிப்பிடப்பட்டது. அதன்பின் 2024 டிசம்பரில், பாதிக்கப்பட்ட 1,820 பேருக்காகப் 12 கோடி டாலர் என உடன்பாடு ஏற்பட்டது. 2025 ஆகஸ்ட் 18 அன்று 9 கோடி டாலர் தண்டமும் விதிக்கப்பட்டது. அதில் 5 கோடி, வழக்கை நடத்திய போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்திற்கு வழங்கப்பட வேண்டும் என்பது ஆணை. நிறுவனம் தெரிவித்த வருத்தம், தொழிலாளர் பட்ட துன்பத்திற்காகவா, தன் பெயருக்கு நேர்ந்த களங்கத்திற்காகவா என்னும் ஐயத்தையும் நீதிபதி வெளிப்படையாகவே எழுப்பினார்.

மீண்டும் பணியமர்த்தக் கோரிய மனுவை நீதிமன்றம் 2021 டிசம்பரிலேயே மறுத்துவிட்டது. அப்பணியிடங்கள் ஒப்பந்த நிறுவனங்களிடமே தங்கிவிட்டன.