புளிக்க விடாத பழச்சாறு

கொல்லிமலையில் அன்னாசி மிகுந்து பழுக்கும் ஆனி, ஆடி மாதங்களில் விலை எப்படி விழுகிறது என்பதை விவசாய அங்கத்தினர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. நல்ல பழத்தை வியாபாரி பொறுக்கி எடுத்துக்கொள்கிறார். சிறுத்ததும் அடிபட்டதும் கூடையின் அடியில் தங்கிவிடுகின்றன. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளிக்கு இறங்கி, பேளுக்குறிச்சிப் பக்கம் வந்து சேர்ந்த பழத்தைத் திரும்ப மலைக்கு ஏற்றிச் செல்ல எவர்தாம் துணிவர்? கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவதே வழக்கமாயிருக்கிறது.

‘மேல்நாட்டார் ஆப்பிளில் சைடர் செய்கிறார்களே, நாம் அன்னாசியில் செய்தால் என்ன?’ என்று படித்த இளைஞர் சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால் சைடர் என்ற ஒரு பெயரில் இரண்டு பொருள்கள் உலவுகின்றன. இங்கிலாந்திலும் பிரான்சின் நார்மண்டியிலும் அது ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது. அமெரிக்காவிலோ, பிழிந்து வடிகட்டாத இனிய ஆப்பிள் சாற்றுக்கே பெரும்பாலும் அப்பெயர் வழங்குகிறது. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதான்.

பாவுக்குப் போடும் கஞ்சியை ஒரு நாள் வைத்திருந்தால் புளித்து நாறுவதை நெசவாள அங்கத்தினர்கள் அறிவார்கள். அக்கஞ்சியைப் போலவே பழச்சாற்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. பழத்தோலிலேயே இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. பிறகு காற்றுப்பட்டால் வேறொரு வகைக் கிருமி அந்தச் சாராயச் சத்தைக் காடியாக மாற்றுகிறது. காடி உண்டாகும் விதத்தை லூயி பாஸ்டர் 1860-களில் ஆராய்ந்து விளக்கினார். ஆகவே, மருந்துக் கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கும் ஆப்பிள் சைடர் காடியும் மது என்னும் படியைத் தாண்டி வந்ததேயாகும்.

இங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக 1937 அக்டோபர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது சேலம் ஜில்லாவில்தான். நாமக்கல் தனி மாவட்டமான 1997 வரை நம் பகுதியும் அந்தச் சேலத்தைச் சேர்ந்ததே. அரசே மதுக்கடை நடத்துகிறதே, இனி அச்சட்டம் எதற்கு என்று சிலர் எண்ணுகின்றனர். அது பெருந்தவறு. அந்த 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. கள்ளக்குறிச்சித் துயரத்துக்குப் பின் 2024-இல் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. மது தயாரிப்பது மட்டுமன்று, அதற்கான பொருளும் பாத்திரமும் வைத்திருப்பதும் குற்றமே. மலையடிவாரத்தில் ஒரு வீட்டுப் பானையில் பழம் நுரைத்துக்கொண்டிருந்தால், அதை ஊறல் அன்று என்று மெய்ப்பிக்க அந்தக் குடும்பம் எத்தனை நாள் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும்! காடி செய்வதையும் வீட்டில் தொடங்கலாகாது. முறையான அனுமதிகளோடு சங்கத்தின் மூலம் செய்யத்தக்க தொழில் அது.

சாற்றைப் புளிக்க விடாமல் புட்டியில் அடைப்பதற்கு இந்தத் தொல்லை இல்லை. அடிபட்ட பழம் ஆகும். அழுகிய பழம் ஆகாது. அழுகிய ஆப்பிளில் பூஞ்சை உண்டாக்கும் பாட்டுலின் என்னும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் முற்றிலும் அழிவதில்லை. எந்தப் பழமாயினும் இவ்விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அன்னாசியைத் தோலும் கண்ணும் நீக்கி, அரைத்து, சுத்தமான பருத்தித் துணியில் பிழிய வேண்டும். எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. இரும்பும் பித்தளையும் புளிப்புக்கு ஆகா. சாற்றை 85 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கி, வெந்நீரில் கொதித்த புட்டிகளில் ஓரங்குலம் விட்டு நிரப்பி மூடி, அடியில் துணி விரித்த அண்டாவில் கழுத்தளவு வெந்நீரில் 30 நிமிஷம் கொதிக்கவிட்டு, மெள்ள ஆறவிட வேண்டும். சரியாகச் சூடேறாத சாறு உள்ளேயே புளித்து, வாயு மிகுந்து, புட்டி வெடித்துவிடும். ஆப்பிளுக்கும் முறை இதுவே.

சர்பத்தாக விற்க விரும்பினால் சாறு 1 லிட்டர், தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 2 கிலோ, சிட்ரிக் அமிலம் 20 கிராம் என்ற அளவு போதும். சர்க்கரையையும் அமிலத்தையும் தண்ணீரில் காய்ச்சி வடிகட்டி, ஆறியபின் சாற்றைக் கலந்து, பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் 2 கிராமைச் சிறிது நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். இந்த இரண்டு கிராமைக் கரண்டியால் அளக்காதீர்கள். நகைக்கடைத் தராசு போன்ற நுண்ணிய தராசு வேண்டும். இந்த மருந்து ஆஸ்துமாக்காரருக்கு ஒவ்வாதிருக்கலாம். ஆதலால் அது சேர்ந்திருப்பதைப் புட்டியின் மேல் தவறாமல் அச்சிட வேண்டும்.

இமாசலப் பிரதேசத்தில் சந்தைக்கு உதவாத ஆப்பிளை அரசுத் திட்டத்தில் விலை கொடுத்து வாங்கி, 1974-இல் தோன்றிய ஹெச்.பி.எம்.சி. நிறுவனம் தன் ஆலைகளில் சாறாக்குகிறது. கழித்த பழத்துக்கும் ஒரு விலை உண்டு என்று தெரிந்தபின் அங்கே விவசாயி வியாபாரியிடம் பேசும் பேச்சே வேறு. நம் மலையில் அத்தகைய ஆலைக்குக் காத்திராமல், பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் அண்டா, ஒரு மூடி இறுக்கும் கருவி, ஒரு வெப்பமானி ஆகியவற்றோடு ஆரம்பிக்கலாம். விற்பனைக்கு முன் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்வது அவசியம். முதல் தடவை இருபது புட்டிகளுக்கு மேல் போட வேண்டாம். அவற்றை ஒரு மாதம் நிழலில் வைத்திருந்து, மூடி உப்பாமலும் நுரை கட்டாமலும் இருந்தால் மட்டுமே அடுத்த பாகத்தை அடுப்பில் ஏற்றுங்கள்.