பழைய பெட்டகமும் புதிய திறவுகோலும்

ஆலைகளிலும் வணிக நிலையங்களிலும் ஓர் அறையின் மூலையில் நின்று இரவு பகலாகக் கணக்குப் பார்க்கும் நடுத்தரக் கணிப்பொறி ஒன்று உண்டு. 1988 ஜூன் மாதம் ஐ.பி.எம். நிறுவனம் அதனை ஏ.எஸ்./400 என்னும் பெயரில் வெளியிட்டது. பெயர்கள் பல மாறி, 2008 முதல் அதன் இயக்கமுறை 'ஐ.பி.எம். ஐ' என வழங்குகிறது. டி.பி.2 தரவுத்தளம் அதற்குள்ளேயே அமைந்திருப்பது இதன் தனிச்சிறப்பாகும்.

பி.எச்.பி. மொழியோ, 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் இணையப் பக்கங்களுக்காக வெளியிட்டது. இவ்விரண்டையும் இணைக்கும் பாலங்களுள் ஒன்று ஓ.டி.பி.சி. எனப்படும் இணைப்பு மென்பொருள்.

பணியில் சேர்ந்த புதிதில், வாடிக்கையாளர் பட்டியலை இணையப் பக்கத்தில் காட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. இணைப்பு உடனே கிடைத்தது. நிலுவைத் தொகைகளும் சரியாகவே வந்தன. ஆனால் பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் எண்ணும் எழுத்தும் கலந்த பொருளற்ற வரிசை! என் நிரலில்தான் பிழை என்றெண்ணி மூன்று நாள் வீணாக்கினேன்.

காரணம் இதுதான். நம் மேசைக் கணிப்பொறிக்கு ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து 65 என்னும் எண். 'எப்சிடிக்' குறியீட்டில் எழுதும் அப்பெட்டகத்திற்கோ அது 193. (வரிசைப்படுத்தும்போதும் அங்கே எழுத்துகள் முதலிலும் இலக்கங்கள் பின்னும் வரும், இங்கே தலைகீழ்.) ஒவ்வொரு பத்தியும் எந்தக் குறியீட்டில் உள்ளது என்பதைச் சி.சி.எஸ்.ஐ.டி. எண் சொல்லும், அதைப் பார்த்தே இணைப்பு மென்பொருள் மொழிபெயர்க்கிறது. பழைய பத்திகள் பலவற்றில் அவ்வெண் 65535. 'இதை மாற்றாதே' என்பது அதன் பொருள். பாவம், மென்பொருள் சொன்னபடி கேட்டிருக்கிறது! தொகைகள் எண் வகைப் பத்திகளாதலால் தப்பின.

இணைப்பு வரியில் 'டிரான்ஸ்லேட்' என்பதை 1 ஆக்கியதும் பெயர்கள் தெரிந்தன. ஆனால் உண்மையிலேயே எழுத்தல்லாத தரவு அப்படிக் குறிக்கப்பட்டிருந்தால் அதுவும் மாற்றப்பட்டுச் சிதைந்துவிடும். பத்தியின் குறியீட்டு எண்ணைத் திருத்துவதே மேல்.

படிப்பதைவிட எழுதுவது கடினம். பற்று, வரவு இரண்டையும் ஒரே பரிவர்த்தனையாக எழுத முயன்றபோது 7008 என்னும் பிழை வந்தது. மாற்றங்களைப் பதியும் 'ஜர்னல்' அக்கோப்புக்கு இல்லை. பரிவர்த்தனைக் கட்டுப்பாட்டையே நீக்கிவிட்டு எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பற்று எழுதியபின் இணைப்பு அறுந்தால் வரவு எங்கே போகும்? ஜர்னல் தொடங்க ஒரே ஒரு கட்டளைதான் தேவைப்பட்டது. அனுமதி பெறத்தான் இரண்டு வாரம் ஆயிற்று.