அவர் கன்னத்தில் கை வைத்தால்...

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கும் என் தங்கை பி.எட். படிக்கிறாள். போன மாதம் நெல்லிக்குப்பம் வந்தவள், நானும் பக்கத்து வீட்டு அக்காவும் திண்ணையில் பேசிக் கொண்டிருந்ததைப் பார்த்து ஒரே சிரிப்பு. "என்னடி?" என்றேன். "அவங்க முந்தானையைத் திருகினா நீயும் திருகறே. அவங்க கன்னத்துல கை வச்சா நீயும் வைக்கறே" என்றாள். எங்கள் இருவருக்குமே அது தெரியாது!

அவளுடைய மனோதத்துவப் பாடத்தில் இது வருகிறதாம். அமெரிக்காவில் சார்ட்ரண்ட், பார்க் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1999-ல் எழுதியிருக்கிறார்களாம். ஒருவர் முகத்தைத் தடவினால் கூட இருப்பவரும் தடவுகிறார், காலை ஆட்டினால் இவரும் ஆட்டுகிறார். நம்மைப் போலவே அசைபவரை நமக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தும் போகிறதாம். கேலிக்குச் செய்வது வேறு, அது உடனே தெரிந்து விடும்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது என் மூத்த ஓரகத்திதான். பாகப் பிரிவினையில் வந்த மனஸ்தாபம், இரண்டு வருஷம் பேச்சில்லை. விசேஷங்களில் அவர் இந்தப் பக்கம் திரும்பினால் நான் அந்தப் பக்கம்.

போன ஆடியில் மாமியார் தவறிப் போனார். நம் பக்கத்துச் சாவு வீடுகளில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளில் கை போட்டு ஒப்பாரி வைப்பது உங்களுக்குத் தெரியும். ஒருத்தி முன்னால் சாய்ந்தால் அத்தனை பேரும் சாய்வோம். யார் கை யார் தோளில் என்று யார் பார்த்தது? அழுகை அடங்கித் தலை நிமிர்ந்தபோதுதான் என்னைக் கட்டிக் கொண்டிருந்தது அவர் என்று தெரிந்தது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

ராத்திரி இருவரும் கூடத்துச் சுவரில் சாய்ந்து, ஒரே மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். "காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடலையே" என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

நிலத் தகராறு என்னவோ இன்னும் தீரவில்லை. அதை ஆம்பளைங்க பேசட்டும்.

தங்கை சொன்னதிலிருந்து எனக்கு ஒரு சங்கடம். அவர் வந்து உட்கார்ந்தால் என் கை என்ன செய்கிறது என்றே பார்க்கிறேன், பேச்சில் மனசு போகவில்லை. அதனால் அரிசி முறத்தை எடுத்து மடியில் வைத்துக் கொள்கிறேன். நேற்று அவரும் பேசிக் கொண்டே மறு ஓரத்திலிருந்து கல் பொறுக்க ஆரம்பித்து விட்டார்.

- ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்.