ராத்திரி இல்லாத கணினிகள்

நோன்பு மாதத்தில் காயல்பட்டினத்துக்கு அதிகாலை மூன்று மணி தூங்குகிற நேரம் அல்ல. தராவீஹ் முடிந்து தெருவில் நடமாட்டம் அடங்கவே நள்ளிரவு தாண்டிவிடும். கொஞ்சம் கண்ணயர்வதற்குள் சஹருக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஹாங்காங்கில் இருக்கும் மகனுக்கு மணி ஐந்தரை, துபாயில் இருக்கும் மருமகனுக்கு ஒன்றரை. எல்லோருமே விழித்திருப்பார்கள், எல்லோருமே பேசிக்கொண்டிருப்பார்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், ஆள் அரவம் இல்லாத நேரம் என்று மைக்ரோசாப்ட் தேர்ந்தெடுத்தது இதே மூன்று மணியைத்தான். அப்டேட்டைக் கணினியின் பொறுப்பிலேயே விட்டுவிட்டால், தினமும் அதிகாலை மூன்றுக்கு அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். தேவைப்பட்டால் தானே அணைந்து தானே எழும். விடிந்து வந்து பார்த்தால் பாதி அடித்து வைத்த கடிதம் இருக்காது. உலகத்துக்கெல்லாம் ஒரே மூன்று மணி என்று ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்தவர்களுக்கு, ஊர் முழுக்க விளக்கெரியும் மூன்று மணியும் உண்டு என்று யார் சொல்லியிருப்பார்கள்?

அப்டேட்டே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அது ஏன் வந்தது என்பதற்குப் பழைய பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்தவர்களே சாட்சி. 2003 ஆகஸ்ட் 11 அன்று பிளாஸ்டர் என்ற கிருமி இணையத்தில் பரவத் தொடங்கியது. அது புகுந்த கணினிகளில் திடீரென்று ஒரு பெட்டி தோன்றும். அறுபது வினாடி எண்ணும். எண்ணி முடித்ததும் கணினி ரீஸ்டார்ட் ஆகும். மறுபடி எழுந்தால் மறுபடியும் அதே பெட்டி. ‘ஷட்டவுன்’ என்ற கட்டளையை அடித்து அந்த எண்ணிக்கையை நிறுத்தத் தெரிந்த பையன், அன்றைக்கு அந்த சென்டரின் கதாநாயகன். வேடிக்கை என்னவென்றால், பிளாஸ்டர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் ஜூலை 16ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ நாலு வாரம் கையில் இருந்தும் ஏராளமானோர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. 2004 ஏப்ரல் கடைசியில் சாஸர் என்ற இன்னொன்று வந்தது. அதற்கும் திருத்தம் முன்கூட்டியே வந்திருந்தது. அதுவும் கணினியை அணைத்து எழுப்பியது.

மக்களாகப் போட்டுக்கொள்ள மாட்டார்கள், நாம்தான் போட்டுவிட வேண்டும் என்ற முடிவு அங்கே பிறந்தது. 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக், தானியங்கி அப்டேட்டைக் கிட்டத்தட்ட எல்லார் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்து சேர்த்தது. கிருமி கணினியை ரீஸ்டார்ட் செய்த மறு ஆண்டே, கிருமிக்கான மருந்தும் கணினியை ரீஸ்டார்ட் செய்யத் தொடங்கிவிட்டது. மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்களை மொத்தமாக வெளியிடும் வழக்கம் 2003 அக்டோபரிலிருந்து இன்றுவரை தொடர்கிறது. அமெரிக்க மேற்குக் கரையில் அன்று காலை பத்து மணி என்றால், நமக்கு இரவு பத்தரை. அங்கே குளிர்காலமானால் பதினொன்றரை. அதாவது நம் ஊர்க் கடைகள் ஷட்டரை இறக்கிப் பூட்டும் நேரம்.

அணைத்துத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டால், விண்டோஸைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஆமாம். ஒரு கோப்பு பயன்பாட்டில் இருக்கும்போது அதை மாற்ற விண்டோஸ் பொதுவாக விடாது. இயங்குதளத்தின் உயிர்நாடியான கோப்புகளோ, கணினி ஓடும் வரை பயன்பாட்டிலேயே இருக்கும். அதனால் அப்டேட், புதிய கோப்புகளைப் பக்கத்தில் இறக்கிவைத்து, ‘அடுத்த முறை எழும்போது இவற்றை மாற்று’ என்று ஒரு பட்டியல் எழுதிவிட்டுக் காத்திருக்கும். மற்ற நிரல்கள் விழிப்பதற்கு முன், கணினி எழும் அந்த முதல் சில கணங்களில் மாற்றம் நடந்துவிடும். லினக்ஸின் வழி வேறு. பழைய கோப்பின் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்கலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் வேலை முடியும்வரை பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். கெர்னல் எனும் அடிப்படைப் பகுதி மாறினால் அங்கேயும் ரீஸ்டார்ட் வேண்டும்தான். ஆனால் அதை எப்போது செய்வது என்பது பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கும். 2011இலிருந்து தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

2015 ஜூலை 29இல் விண்டோஸ் 10 வந்தபோது கட்டாயம் இன்னும் இறுகியது. ஹோம் பதிப்பு வாங்கியவர்களுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் பொத்தானே இல்லாமல் போயிற்று. 2016 ஏப்ரலில் அமெரிக்காவின் அயோவா மாநிலத் தொலைக்காட்சி ஒன்றில் நேரலை வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருக்க, மழை மேகப் படத்தின் மேல் ‘விண்டோஸ் 10க்கு மாறுங்கள்’ என்ற பெட்டி வந்து உட்கார்ந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழையைப் பார்த்த காயல்பட்டினத்துக்காரர்களுக்கு, மழைப்படத்தை மறைக்கும் பெட்டி அவ்வளவு சிரிப்பாக இருக்காது. அதே 2016இல் கலிபோர்னியாவில் பயண ஏற்பாட்டுத் தொழில் செய்யும் ஒரு பெண்மணி, தான் கேட்காமலே விண்டோஸ் 10 ஏறித் தன் அலுவலகக் கணினி முடங்கியது என்று வழக்குத் தொடர்ந்து 10,000 டாலர் பெற்றார். தவறேதும் இல்லை என்று மறுத்த மைக்ரோசாப்ட், மேல்முறையீட்டைக் கைவிட்டுத் தொகையைக் கட்டியது. 2018 அக்டோபரில் வெளியான பெரிய அப்டேட், சிலருடைய ஆவணங்களையே அழித்துவிட்டதால் சில நாளிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. அப்டேட் என்றதும் முகம் சுளிப்பவரை அறியாதவர் என்று ஒதுக்க முடியாது.

புகார்கள் குவிந்த பிறகு, 2016இல் ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ என்ற ஏற்பாடு வந்தது. நாம் வேலை செய்யும் நேரத்தைக் குறித்துவிட்டால் அந்த நேரத்தில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் முன்கூட்டியே போட்டு வைத்த நேரம் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. நம் ஊர் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் கூடுவதே ஐந்துக்கு மேல்தான். அஸர் முடிந்து, மஃரிப் முடிந்து, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் புராஜெக்டுக்குப் படம் எடுக்க வந்து நிற்கிற நேரம், கணினியின் கணக்கில் ஓய்வு நேரம். மாற்றிக்கொள்ளலாம், அதிகபட்சம் பதினெட்டு மணி நேரம் வரை நீட்டிக்கொள்ளலாம். பயன்பாட்டைப் பார்த்துத் தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் வசதியும் 2019இல் வந்தது. எப்படிப் பார்த்தாலும் மீதி ஆறு மணி நேரம் கணினிக்கு வேண்டும். அந்த ஆறு மணி நேரம்தான் இங்கே இல்லை.

ஏனென்றால் கடையை மூடும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது இங்கே பழக்கம். கரண்ட் பில் ஒரு காரணம், ஷார்ட் சர்க்யூட் பயம் அதைவிடப் பெரிய காரணம். உப்புக்காற்றில் துருப்பிடித்த இணைப்புகளை நம்பி ராத்திரி முழுக்க மின்சாரத்தை ஓடவிட யாருக்கும் மனம் வராது. இரவெல்லாம் மின்சாரமும் அகன்ற இணையமும் பாய, பூட்டிய அறையில் மினுக்கிக்கொண்டிருக்கும் கணினியை மனத்தில் வைத்துத்தான் இந்த ஏற்பாடு முழுவதும் செய்யப்பட்டிருக்கிறது. தள்ளிக்கொண்டே போன ரீஸ்டார்ட் ஒரு கட்டத்தில் கெடு வைக்கும். கெடு முடிகிற இடம் பகலாகத்தான் இருக்கும், வேறு நேரத்தில் கணினிக்கு உயிரே இல்லையே. “காக்கா, கொஞ்சம் பொறுங்க, அப்டேட் ஓடுது” என்பது அப்போதுதான் காதில் விழும். பாஸ்போர்ட் விண்ணப்பம் பாதியில் நிற்கும். போனுக்கு வந்த ஓடிபி காலாவதியாகும். உம்ராவுக்குப் பார்த்து வைத்த விமான டிக்கெட்டின் விலை மறுபடி எழும்போது அதே விலையாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. திரையில் சுற்றும் சதவீதத்தைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு இது யார் குற்றம் என்று தெரியாது. கடைக்காரரைத்தான் முறைப்பார்.

ராத்திரி கிளம்பும்போது முடித்துவிடலாம் என்று ‘அப்டேட் அண்ட் ஷட்டவுன்’ அழுத்துகிற பொறுப்பானவர்களுக்கு இன்னொரு சோதனை காத்திருந்தது. அணைய வேண்டிய கணினி அணையாமல் மறுபடி எழுந்து நிற்கும். தான்தான் தவறாக அழுத்திவிட்டோமோ என்று பலரும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது உண்மையிலேயே பிழைதான். 2025 அக்டோபர் கடைசியில் வெளியான விண்டோஸ் 11 அப்டேட்டில்தான் மைக்ரோசாப்ட் அதைச் சரிசெய்தது.

2018இல் மைக்ரோசாப்ட் இயந்திரக் கற்றலையும் கொண்டுவந்து பார்த்தது. ஒருவர் ஒரு கப் காபிக்காகச் சற்றே எழுந்து போயிருக்கிறாரா, நெடுநேரம் வரமாட்டாரா என்பதைக் கணித்து, அதற்கேற்ப ரீஸ்டார்ட் செய்யும் முயற்சி அது. நல்ல முயற்சி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடையைப் பாதி சாத்திவிட்டுப் போனவர், பாதி அடித்த விண்ணப்பத்தைத் திறந்தே வைத்திருப்பார் என்பதை அந்தக் கணிப்பு எந்தக் கணக்கில் சேர்க்குமோ.

இதற்கு நம் மின்வாரியம் தேவலை. மாதாந்திரப் பராமரிப்பு என்றால் இன்ன துணை மின்நிலையம், இன்னின்ன ஊர், காலை இத்தனை மணி முதல் மாலை இத்தனை மணி வரை என்று முந்தின நாளே செய்தித்தாளில் போட்டுவிடுவார்கள். மாவரைக்கிறவர் முந்தின ராத்திரியே அரைத்து வைத்துவிடுவார். மின்வெட்டை யாரும் விரும்புவதில்லை. ஆனாலும் அதற்குத் தயாராக முடிகிறது. கணினி கொடுக்கும் அறிவிப்போ, வாடிக்கையாளருக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிற அவசரத்தில் மூலையில் எட்டிப் பார்த்து மறையும்.

பொறுமை போன சிலர் அப்டேட் சேவையையே நிறுத்திவிடுகிறார்கள். விண்டோஸ் அதற்கும் ஓர் ஆளை உள்ளே வைத்திருக்கிறது. ‘மெடிக்’ என்று பெயர், அப்டேட் பகுதி பழுதானால் அதைச் சீராக்கி ஓட வைப்பது அதன் வேலை. அதையும் தாண்டி நிறுத்தத் தெரிந்த பையன்களும் நம் தெருக்களில் உண்டு. நிறுத்தியதன் விலையை 2017 மே 12 காட்டியது. வான்னாகிரை என்ற பணயக் கிருமி, ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. ஆந்திரக் காவல் நிலையங்களின் கணினிகளும், கேரளத்தின் சில பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் அதில் அகப்பட்டன. பழைய எக்ஸ்பியை வைத்திருந்தவர்களே மாட்டினார்கள் என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். பிறகு பார்த்தால் பெரும்பான்மை விண்டோஸ் 7. மார்ச் 14ஆம் தேதியே அதற்குத் திருத்தம் வந்திருந்தது. 2003இன் கதை அப்படியே மறுபடி. கடையின் கணினியில் ஊர்க்காரர்களின் ஆதார் நகலும் பாஸ்போர்ட் நகலும் கிடக்கிறபோது, அதைத் திறந்துபோட்டு வைப்பது கடைக்காரரின் சொந்த விஷயம் மட்டுமல்ல.

ரீஸ்டார்ட் இல்லாமலே திருத்தம் போடும் வழி இப்போது வந்துவிட்டது. ஹாட்பேட்ச் என்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நினைவகத்திலேயே திருத்திவிடும்; ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டுக்கு நான்கு முறை ரீஸ்டார்ட் செய்தால் போதும். 2025 ஏப்ரலில் விண்டோஸ் 11க்கு வந்தது, ஆனால் பெருநிறுவனப் பதிப்புக்கு மட்டும். ராத்திரி முழுக்கக் கணினியை ஓடவிட வசதியும் அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆளும் உள்ளவர்களுக்கு ரீஸ்டார்ட் குறைந்திருக்கிறது. ஒற்றைக் கணினியை வைத்துப் பிழைக்கிறவருக்குப் பழைய கதைதான்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வேறு விதமாக ஓய்ந்துவிட்டது. 2025 அக்டோபர் 14உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை வரும். மற்றவர்களின் கணினி இனி தொந்தரவு செய்யாது, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து போகலாம். நம் பகுதிக் கடைகளில் இருக்கும் பழைய பெட்டிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும்.

இப்போதைக்குக் கடைக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாதத்தின் இரண்டாம் செவ்வாயைக் காலண்டரில் வட்டமிட்டுக்கொண்டு, வந்த திருத்தத்தில் கோளாறு உண்டா என்று தெரிய ஒரு வாரம் பொறுத்து, கடை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தானே ரீஸ்டார்ட் கொடுத்துவிடலாம். அந்த ஒரு மணி நேரம் பிரிண்டுக்கு வருகிறவரை நாளைக்கு வரச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கடையில் கணினி ஓடிக்கொண்டிருந்தால் அவர் அங்கே போய்விடுவார் என்பதுதான் இதில் உள்ள ஒரே சிக்கல்.